அம்புகளுக்குப் பின்

புனித செபஸ்தியார் எவ்வாறு இறந்தார் என்று நம் மக்களில் யாரைக் கேட்டாலும், "அம்பு பட்டு இறந்தார்" என்றே விடை வரும். மறைக்கல்விப் பிள்ளைகள் மட்டுமல்ல, ஆண்டுதோறும் சனவரி 20ஆம் நாள் அவருடைய தேரை வடம் பிடித்து இழுக்கும் பெரியவர்களும் அவ்வாறே சொல்வார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மரத்தோடு பிணைக்கப்பட்ட இளைஞர், இடையில் ஒரு துண்டு, மார்பிலும் தொடையிலும் தைத்த அம்புகள், வானை நோக்கிய கண்கள்: பீடத்தில் நிற்கும் சுரூபம் இதைத்தானே காட்டுகிறது! அண்டையிலுள்ள கேரளத்தில், சுரூபத்தோடு அம்பையும் தனியே ஏந்திப் பவனி வருகிற 'அம்புப் பெருநாள்' கூட உண்டு.

ஆனால் செபஸ்தியார் அம்புகளால் இறக்கவில்லை. அம்புகளுக்குப் பின் அவர் உயிரோடிருந்தார். அந்தப் பிற்பகுதியில்தான் அவருடைய மறைசாட்சியம் முழுமை பெறுகிறது. அப்படியிருக்க, ஐரோப்பியக் கலை ஏன் அவரை அம்பு தைத்த அந்த ஒரு நொடியிலேயே பல நூறு ஆண்டுகள் நிறுத்தி வைத்தது? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றால், நம் பீடத்துச் சுரூபம் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கும்.

முதலில் சான்றுகளைப் பார்ப்போம். வரலாற்று நோக்கில் அசைக்க முடியாதவை இரண்டே குறிப்புகள். கி.பி. 354ஆம் ஆண்டின் உரோமைத் தொகுப்பொன்றில் உள்ள மறைசாட்சிகள் பட்டியல், சனவரி 20 அன்று, ஆப்பியா நெடுஞ்சாலையின் அருகிலுள்ள நிலத்தடிக் கல்லறையில் செபஸ்தியாரின் நினைவு கொண்டாடப்பட்டதைப் பதிவு செய்கிறது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த மிலான் ஆயர் புனித அம்புரோசியார், தம் திருப்பாடல் விளக்கவுரை ஒன்றில், செபஸ்தியார் மிலான் நகரத்தவர் என்றும், வேதகலாபனை கொடுமையாக நடந்துகொண்டிருந்த உரோமைக்குச் சென்று அங்கே உயிர் துறந்தார் என்றும் கூறுகிறார். நாம் அறிந்த மற்றவை யாவும் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'செபஸ்தியாரின் பாடுகள்' என்னும் இலத்தீன் நூலிலிருந்து வருபவை. நெடுங்காலம் அம்புரோசியார் பெயரிலேயே வழங்கிய அந்நூலை அவர் எழுதவில்லை என்பது இன்று அறிஞர் துணிபு.

அந்நூல் சொல்லும் கதை நீண்டது, சுருக்கிச் சொல்கிறேன். செபஸ்தியார் பேரரசர் தியோக்கிளேசியனின் மெய்க்காவல் படையில் அதிகாரி. சிறையிலிருந்த கிறிஸ்தவர்களுக்குத் துணிவூட்டுவதற்காகவே அவர் படையுடையை அணிந்திருந்தார். செய்தி வெளிப்பட்டது. திடலின் நடுவே கட்டி வைத்து அம்பெய்தார்கள். முள்ளம்பன்றியின் உடல்போல அம்புகள் குத்திட்டு நிற்க, இறந்தார் என்றெண்ணி விட்டுச் சென்றார்கள். அன்றிரவு, மறைசாட்சியாக மரித்த கஸ்துலு என்பவரின் கைம்பெண் இரேனே, உடலை அடக்கம் செய்ய எடுத்துச் செல்ல வந்தார். வந்தவர் உயிர் இருப்பதைக் கண்டார். தம் இல்லத்திற்குக் கொண்டுசென்று காயங்களுக்கு மருந்திட்டார். சில நாள்களில் செபஸ்தியார் உடல்நலம் பெற்றார். நகரை விட்டுத் தப்பிச் செல்லுமாறு கிறிஸ்தவர்கள் அவரை வேண்டினர். அவரோ பேரரசர் வரும் வழியில், ஒரு கோவிலின் படிக்கட்டில் நின்று, குற்றமற்றவர்களைக் கொல்வது ஏன் என்று முகத்துக்கு நேரே கேட்டார். தாம் கொன்ற மனிதன் உயிரோடு நின்று பேசுவதைப் பேரரசர் கண்டார். இம்முறை தடிகளால் அடித்தே கொன்றார்கள். கிறிஸ்தவர்கள் கைக்கு உடல் கிடைக்கலாகாதென்று உரோமையின் பெருஞ்சாக்கடையில் வீசினார்கள். லூசினா என்னும் பெண்மணி அதைக் கண்டெடுத்து அடக்கம் செய்தார்.

ஆக, இக்கதையில் இரண்டு மரண தண்டனைகள் உள்ளன. இரண்டு பெண்கள் உள்ளனர். நம் சுரூபத்தில் எஞ்சியிருப்பது முதல் தண்டனை மட்டுமே.

தொடக்க காலக் கிறிஸ்தவக் கலைஞர்களுக்கு அம்பு தேவைப்படவேயில்லை. இத்தாலியின் இரவென்னா நகரில் புதிய புனித அப்பொல்லினாரிஸ் கோவிலில், ஆறாம் நூற்றாண்டில் வண்ணக் கற்கள் பதித்துச் செய்த மறைசாட்சிகளின் நீண்ட வரிசை ஒன்றுண்டு. இருபத்தாறு பேர், வெள்ளுடை, கையில் வெற்றிமுடி. அவர்களுள் ஒருவராகச் செபஸ்தியாரும் நிற்கிறார். தலைக்கு மேலுள்ள பெயரைப் படிக்காவிட்டால் இவர்தாம் அவர் என்று சொல்ல இயலாது. உரோமையில் புனித பேதுருவின் சங்கிலிகள் கோவிலிலுள்ள ஏழாம் நூற்றாண்டு உருவமோ நம்மை இன்னும் வியப்பில் ஆழ்த்தும். அங்கே செபஸ்தியார் நரைத்த தாடியுடைய முதியவர், அரசவை அதிகாரிக்குரிய உடை, கையில் முடி. அம்பும் இல்லை, கட்டும் இல்லை, காயமும் இல்லை. அக்காலத்தவர் மறைசாட்சியை வரைந்தபோது அவர் பட்ட துன்பத்தை வரையவில்லை. அவர் அடைந்த மகிமையை வரைந்தார்கள். சிலுவையில் அறையுண்ட ஆண்டவரின் உருவத்தையே கிறிஸ்தவர்கள் வரையத் தயங்கிய காலம் அப்போதுதான் கடந்திருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அம்பைக் கலைக்குள் கொண்டு வந்தது கொள்ளைநோய். லொம்பார்தியரின் வரலாற்றை எழுதிய தியாக்கோன் பவுல் தரும் செய்தி இது: 680ஆம் ஆண்டில் பாவியா நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. நல்ல தூதர் ஒருவரும் தீய தூதன் ஒருவனும் இரவில் தெருத்தெருவாக நடப்பதைப் பலர் கண்டனராம். நல்ல தூதர் காட்டிய வீட்டின் கதவைத் தீயவன் தன் ஈட்டியால் எத்தனை முறை தட்டினானோ, விடிந்ததும் அவ்வீட்டில் அத்தனை பேர் இறந்து கிடந்தார்கள். செபஸ்தியாருக்கு அந்நகரில் ஒரு பீடம் எழுப்பினால் நோய் நீங்கும் என ஒருவருக்கு வெளிப்பட்டது. உரோமையிலிருந்து அவருடைய திருப்பண்டங்கள் வந்து பீடம் எழும்பியதும் நோய் அகன்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொமினிக்கன் துறவி யாக்கோபு தே வொராஜினே தொகுத்த புனிதர் வரலாற்று நூலில் இச்செய்தி இடம்பெற, ஐரோப்பா முழுவதும் அது பரவியது.

செபஸ்தியாருக்கும் கொள்ளைநோய்க்கும் என்ன தொடர்பு? கிரேக்கர்களின் பழங்காவியத்தில் அப்பொல்லோ தேவன் கொள்ளைநோயை அம்புகளாக எய்கிறான். திருப்பாடல் ஆசிரியரும் பகலில் பறந்து வரும் அம்பையும் இருளில் நடமாடும் கொள்ளைநோயையும் அடுத்தடுத்தே குறிப்பிடுகிறார். எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் வந்து, பக்கத்தில் நிற்பவனை விட்டு ஒருவனை வீழ்த்துவது அம்பு, நோயும் அப்படித்தான். ஆகவே, அம்புகளை ஏற்றும் பிழைத்த ஒருவர் உண்டென்றால் நோய் கண்ட ஊர் அவரிடம் ஓடாமல் வேறெங்கே ஓடும்? இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் அம்புகளால் இறந்திருந்தால் இந்தப் பக்தியே பொருளற்றது. அம்புகள் அவரைக் கொல்லவில்லை என்பதுதான் மக்களின் நம்பிக்கைக்கு அடித்தளம். 1347ஆம் ஆண்டு சிசிலித் தீவின் துறைமுகத்தில் வந்திறங்கிய பெருங்கொள்ளைநோய் சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய மக்களில் மூன்றிலொரு பங்கையேனும் கொண்டுபோயிற்று. அதன்பின் ஊருக்கு ஊர் செபஸ்தியார் படம் எழுந்தது. அத்தலைமுறையைச் சேர்ந்த ஜோவான்னி தெல் பியோந்தோ புளோரன்ஸ் பேராலயத்திற்காக வரைந்த பலகை ஓவியத்தில், பழைய நூல் சொன்ன முள்ளம்பன்றி உவமை அப்படியே கண்முன் நிற்கிறது. உடலில் வெற்றிடம் தேட வேண்டியிருக்கிறது. அழகு பார்க்க வரைந்த படமன்று அது. அச்சத்தில் வரைந்த படம்.

இவ்வச்சத்தை முழுமையாகக் காட்டும் ஓவியம் தஸ்கனியின் சான் ஜிமிஞ்ஞானோ என்னும் சிற்றூரில் இருக்கிறது. 1464இல் அவ்வூரில் கொள்ளைநோய் பரவியபோது, பெனோட்சோ கோட்சோலி என்ற ஓவியர் புனித அகுஸ்தீனார் கோவில் சுவரில் அதை வரைந்தார். மேலே தந்தையாம் கடவுளும் வானதூதர்களும் ஊரின்மீது அம்புகளை எய்கிறார்கள். கீழே செபஸ்தியார், முழு உடையணிந்து, தம் மேலாடையை விரித்து ஊர் மக்கள் அனைவரையும் அதற்குள் வைத்துக்கொண்டு நிற்கிறார். அம்புகள் அவர்மீது பட்டு முறிந்து விழுகின்றன. இடையில் ஆண்டவர் இயேசு தம் விலாக் காயத்தையும், அன்னை மரியா அவருக்குப் பாலூட்டிய மார்பையும் தந்தைக்குக் காட்டி மன்றாடுகிறார்கள். இறையியல் பயின்றவன் என்ற முறையில் இந்த ஓவியத்தின் முன் எனக்கு நெருடல் உண்டு. மனிதர்மேல் நோயை எய்கின்ற தந்தை, நற்செய்தி நமக்கு அறிமுகப்படுத்தும் தந்தை அல்லர். ஆயினும் நாள்தோறும் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்த ஊர், தான் அஞ்சியதை மறைக்காமல் கோவில் சுவரிலேயே எழுதி வைத்ததே, அந்த நேர்மையை மதிக்காமல் இருக்க முடியவில்லை. அதே ஓவியர் அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் அதே ஊரின் தலைமைக் கோவிலிலும் செபஸ்தியாரை வரைந்தார். அங்கே மேலாடை இல்லை. ஆடை களைந்த உடல், எங்கும் அம்புகள். காக்கும் செபஸ்தியாரும் காயமுற்ற செபஸ்தியாரும் ஒரே ஊரில், ஒரே கையால். பிற்காலம் தேர்ந்துகொண்டது இரண்டாமவரைத்தான்.

ஏன் என்பதற்கு விடை, பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் பிறந்த புது வேட்கை. கிரேக்க, உரோமைச் சிலைகள் மண்ணிலிருந்து வெளிப்படத் தொடங்கிய காலம். மனித உடலை அளந்து, அறிந்து, வரைய ஓவியர்கள் துடித்தார்கள். கோவிலுக்கு வரைபவனுக்கு ஆடையற்ற ஆணுடலை வரைய வாய்ப்பு எங்கே? சிலுவையில் ஆண்டவர், இன்பவனத்தில் ஆதாம், இவர்களை அடுத்துச் செபஸ்தியார். நரைத்த தாடி மறைந்தது, இளைஞர் வந்தார். அந்த இளைஞரின் உடலமைப்போ பழஞ்சிலைகளில் கண்ட அப்பொல்லோவினுடையது! கொள்ளைநோயை எய்த தேவனின் அழகு, அம்பேற்ற மறைசாட்சியின்மேல் வந்து அமர்ந்தது. இந்த விந்தையை அவ்வோவியர்கள் எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ.

மந்தேஞ்ஞா தம் வாழ்நாளில் மூன்று முறை அவரை வரைந்தார். வியன்னாவில் உள்ள முதல் படத்தில் அவர் இடிந்த உரோமை வளைவொன்றின் தூணில் கட்டப்பட்டிருக்கிறார். ஓர் அம்பு நெற்றியையே துளைத்துச் செல்கிறது. சிதைந்து கிடக்கும் பழைய தெய்வங்களின் கற்களுக்கு நடுவே சிதையாமல் நிற்பது இந்த உடல் மட்டுமே. 1506இல் அவர் இறந்தபோது அவருடைய பணிமனையில் இருந்த மூன்றாவது படம் இன்று வெனிஸில் உள்ளது. அதன் மூலையில் அணைந்த மெழுகுதிரி ஒன்று. இறைமை சார்ந்ததே நிலையானது, மற்றவை புகை என்னும் பொருள்பட ஒரு வாசகம். புளோரன்ஸின் பொல்லாயுவோலோ உடன்பிறப்புகள் 1475இல் முடித்த பெரிய ஓவியத்தில் என் கண் செபஸ்தியாரிடம் போவதில்லை. கீழே ஆறு வில்லாளிகளிடம் போகிறது. குனிந்து, மூச்சைப் பிடித்து, முகம் சிவக்க வில்லுக்கு நாணேற்றுகிறார்கள். கொலையும் கூலிக்குச் செய்யும் வேலையே என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படம் அரிது. அந்தோனெல்லோ தா மெசினாவின் ஓவியம், இன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருப்பது, இதைவிடக் கொடியது. அதில் வில்லாளிகளே இல்லை. வெயில் விழும் அழகிய நகர்ச் சதுக்கம். மாடங்களில் கம்பளங்கள் தொங்க, பெண்கள் சாய்ந்து நிற்கிறார்கள். தரையில் ஒருவன் உறங்குகிறான். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இவை பக்தியும் கலையும் கைகோத்த படைப்புகள். ஆனால் கைகள் நழுவத் தொடங்கின. வசாரி 1550இல் வெளியிட்ட கலைஞர் வாழ்க்கை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். பிரா பர்த்தலோமேயோ தொமினிக்கன் துறவி, சிறந்த ஓவியர். ஆடையற்ற உடலை வரைய அவருக்குத் தெரியாது என்று சிலர் ஏளனம் செய்ய, ஒரு செபஸ்தியாரை வரைந்து காட்டினார். புளோரன்ஸின் புனித மாற்கு கோவிலில் அது வைக்கப்பட்டது. சில காலத்திற்குப் பின், அந்தப் படத்தைப் பார்த்துத் தகாத எண்ணம் கொண்டதாகப் பெண்கள் பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிடுவதைத் துறவிகள் அறிந்தனர். படம் கோவிலிலிருந்து அகற்றப்பட்டுத் துறவிகள் கூடும் அறைக்குச் சென்றது. பின்னர் பிரான்சு மன்னருக்கு அனுப்பப்பட்டது. பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் காக்க வேண்டிய குருக்கள் இதை எப்படி ஊரறியச் சொன்னார்கள் என்ற கேள்வி எனக்குள் எழாமலில்லை! வசாரி சுவைக்காகச் சற்றுக் கூட்டிச் சொல்பவர் என்பதும் உண்மை. எப்படியாயினும் சிக்கல் உண்மையானது. 1563 திசம்பரில் திரிதெந்து பொதுச்சங்கம் திருவுருவங்களின் வணக்கத்தை உறுதிப்படுத்திய அதே ஆணையில், இச்சையைத் தூண்டும் அழகோடு புனிதர்களை வரையலாகாது என்றும் விதித்தது. விதி வந்தபின்னும் அழகு போகவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் குயிதோ ரேனி வரைந்த செபஸ்தியார்கள் விண்ணோக்கிய கண்களோடு, குருதி சிந்தாத மேனியோடு நிற்கிறார்கள். உலகெங்கும் அச்சுப் படங்களாகவும் சுரூபங்களாகவும் பரவியவர் பெரும்பாலும் இந்த மரபைச் சேர்ந்தவரே. நம் ஊர்ப் பீடத்திலிருப்பவரும் இவருடைய தொலைதூர உறவினர். அந்தப் படங்களில் வலி இல்லை. வலி இல்லாததால் மருந்திட வருபவருக்கும் அங்கே இடமில்லை.

ஆனால் அதே பதினேழாம் நூற்றாண்டில்தான் இரேனே திரும்பி வந்தார். கதையில் எப்போதும் இருந்தும் படத்தில் அரிதாகவே தோன்றிய அந்தக் கைம்பெண்ணை, அடுத்தடுத்துப் பல ஓவியர்கள் வரையத் தொடங்கினர். திரிதெந்து சங்கத்திற்குப் பின் திருச்சபை இரக்கச் செயல்களை வலியுறுத்தியதும், நோயாளரைப் பேணும் சபைகள் பெருகியதும், ஓயாத கொள்ளைநோயும் இதற்குக் காரணங்கள். ஆலந்து நாட்டு ஹென்ட்ரிக் தெர் புருக்கன் 1625இல் வரைந்த ஓவியம் இவற்றுள் தலையாயது என்பது என் எண்ணம். இன்று அது அமெரிக்காவின் ஒபர்லின் கல்லூரிக் கலைக்கூடத்தில் உள்ளது. அந்தி நேரம். செபஸ்தியார் துவண்டு சரிந்திருக்கிறார். உடல் வெளிறிப் பச்சை படர்ந்திருக்கிறது. அழகன் அல்லர் இவர், நோயாளி. பணிப்பெண் மேலே அவர் கையின் கட்டை அவிழ்க்கிறாள். இரேனே அவர் விலாவிலிருந்து ஓர் அம்பை மெல்லப் பிடுங்குகிறார். அவர் முகத்தில் கண்ணீர் இல்லை, பரவசமும் இல்லை. காயத்திற்குக் கட்டுப் போடும் செவிலியர் முகத்தில் நாம் காணும் அந்தக் கவனம் மட்டும் இருக்கிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் மருத்துவமனை வாசலில் காத்திருந்தவர்கள் அந்த முகத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பிரான்சு நாட்டு ஓவியர் ஜார்ஜ் தெ லா தூர் வாழ்ந்த லொரேன் பகுதியைப் போரும் கொள்ளைநோயும் மாறி மாறி அழித்தன. பாரிஸ் நகரின் லூவ்ரில் உள்ள அவருடைய படம் முழு இரவு. ஒரே ஒரு பந்தத்தின் வெளிச்சம். தரையில் கிடக்கும் உடலில் ஒரே ஓர் அம்பு. சூழ்ந்து நிற்கும் பெண்களின் கைகள்தாம் படத்தில் பேசுகின்றன. இறந்தவரைத் தேடி வந்தவர்கள், இவர் இறக்கவில்லையோ என்று ஐயுறும் கணம் அது. லா தூர் 1652இல், நோய் பரவிய நாள்களில், தம் மனைவி இறந்த சில நாள்களுக்குள் தாமும் இறந்தார்.

கதையின் இறுதிப் பகுதியை வரைந்தவர்கள் மிகச் சிலர். லூதோவிக்கோ கராச்சி 1612இல், படைவீரர் செபஸ்தியாரின் உடலைச் சாக்கடைக்குள் தள்ளும் காட்சியை வரைந்தார். பின்னாளில் எட்டாம் உர்பான் என்னும் பெயரில் திருத்தந்தையான கர்தினால் மாஃபெயோ பர்பெரினி, உரோமையில் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டதாக நம்பப்பட்ட இடத்தில் வைப்பதற்காகவே அதை வரையச் சொன்னவர். படம் வந்ததும், பக்திக்கு ஏற்றதன்று எனக் கருதித் தம் சொந்தத் தொகுப்பிலேயே வைத்துக்கொண்டார். அம்பு தைத்த உடல் பக்திக்கு ஏற்றது, சாக்கடையில் விழும் உடல் ஏற்றதன்று! மனிதர் கண்ணை மூடிக்கொள்வதும் திறப்பதும் எதைக் கண்டு என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

செபஸ்தியார் பேரரசரிடம் திரும்பிச் சென்றது திருச்சபை மரபுக்கு எளிதான செய்தியும் அன்று. இரண்டாம் நூற்றாண்டின் புனித போலிக்கார்ப்பு மறைசாட்சிய வரலாறு, தானாகவே அதிகாரிகளிடம் சென்று பின் அஞ்சி மறுதலித்த குயிந்து என்பவனைச் சுட்டிக்காட்டி, இவ்வாறு வலியச் செல்வோரை நாங்கள் பாராட்டுவதில்லை என்கிறது. சாவைத் தேடிப் போவது மறைசாட்சியம் அன்று. பின் செபஸ்தியார் ஏன் போனார்? 'பாடுகள்' நூல் அவர் வாயில் வைக்கும் சொற்களைப் பார்த்தால், அவர் தம்மைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கிறிஸ்தவர்கள் நாட்டுக்குப் பகைவர்கள் என்பது பொய், நாட்டின் நலனுக்காக இடைவிடாது மன்றாடுவோர் அவர்களே என்கிறார். சிறையில் கிடப்பவர்களுக்காக, அவர்கள் எட்ட முடியாத ஒருவரிடம், அவரை அறிந்த அதிகாரி பேசுகிறார். கிரேக்கத்தில் மறைசாட்சி என்பதற்குரிய சொல்லுக்கு நீதிமன்றச் சாட்சி என்பதே முதற்பொருள் எனக் குருமடத்தில் கற்றோம். சாட்சி சொல்வதற்கு உயிர் வேண்டும். இரேனே அந்த உயிரைக் காத்துக் கொடுத்தார்.

இக்கதையை முழுமையாக ஒரே கூரையின்கீழ் காண வேண்டுமென்றால் வெனிஸில் உள்ள புனித செபஸ்தியார் கோவிலுக்குத்தான் செல்ல வேண்டும். பவுலோ வெரோனேசே 1555 முதல் பல ஆண்டுகள் அங்கே வரைந்தார். ஒரு பக்கச் சுவரில் வில்லாளிகள். எதிர்ச் சுவரில் செபஸ்தியார். எய்த அம்புகள் கோவிலில் கூடியிருக்கும் மக்களின் தலைக்கு மேலாகப் பறந்து மறுபக்கம் தைப்பதுபோன்ற அமைப்பு. அதற்கும் அப்பால், துறவிகள் செபிக்கும் மாடத்தில், பலர் வரையத் துணியாத காட்சி இருக்கிறது: பிழைத்தெழுந்த செபஸ்தியார் தியோக்கிளேசியன் முன் நின்று பேசுகிறார். பீடத்தின் அருகிலுள்ள பெரிய ஓவியத்தில் தடிகள் ஓங்கப்பட்டிருக்கின்றன. ஓரம்பும் அதில் இல்லை. 1588இல் இறந்த வெரோனேசேயை அந்தக் கோவிலிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.